தேதியக்கா கல்லூரி தேடிய கதை

தேதியக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்று கேட்டால் அந்தக் கட்டடத்தில் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. இரண்டாம் மாடியில் ஆடிட்டர் ஆபீஸ். நுழைந்ததும் இடது கைப் பக்கம், தண்ணீர் கேனுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அவளுடைய மேஜை. போனை எடுத்தால் எதிர்முனையில் வணக்கம்கூட வராது, "அக்கா, கடைசித் தேதி என்னிக்கு?" என்பதுதான் வரும். மாதக் கணக்கு, காலாண்டுக் கணக்கு, வருஷக் கணக்கு, முன்கூட்டியே கட்ட வேண்டிய வரி, எது எதற்கு எந்தத் தேதி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொல்லிவிட்டு, கொசுறாக ஒன்றும் சேர்த்துக்கொள்வாள்: "பதறாதீங்க, எப்படியும் தள்ளிப் போடுவாங்க."

சும்மா சொல்லக் கூடாது, தள்ளியும் போடுவார்கள். கடைசி நாள் நெருங்க நெருங்க வரித்துறையின் வலைத்தளம் படுத்துவிடும். வியாபாரிகள் எல்லாம் கூடிக் கூச்சல் போடுவார்கள். சாயங்காலம், ஆபீஸ் மொத்தமும் வியர்த்து வழிந்துகொண்டிருக்கும்போது, தேதி நீட்டிக்கப்பட்டது என்று ஒரு அறிவிப்பு வரும். ஆடிட்டர் நாற்காலியில் சாய்ந்து, "நான் அப்பவே சொல்லல?" என்பார். வருஷக்கணக்காக இதே கூத்து. அந்த ஆபீஸில் கடைசித் தேதி என்றால் வேலையை ஆரம்பிக்கிற நாள் என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட் ஒருத்தி முதல் மாதம் எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்னதாகவே முடித்துக் கொண்டுவந்து வைத்தாள். "என்னம்மா அவசரம், பஸ்ஸா போயிடும்?" என்று ஆளாளுக்குக் கேலி செய்ததில் பாவம், இரண்டாம் மாதமே அவளும் திருந்திவிட்டாள்.

தேதியக்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள், கல்லூரியில் இரண்டாம் வருஷம் கணிதம். பள்ளிப் படிப்பை முடித்து, டைப்பிங் கற்றுக்கொண்டு இந்த ஆபீஸுக்குள் நுழைந்தவள்தான், அப்புறம் படிப்பு என்கிற பேச்சே எழவில்லை. எழுப்பியது ஒரு விசாரணை.

அச்சகம் நடத்துகிற ஒரு மனுஷனை வரி அதிகாரி விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார். அன்றைக்குக் காலையில் பார்த்து ஆடிட்டருக்குச் சிறுநீரகக் கல் வலி. மனுஷன் சுருண்டு படுத்துவிட்டார். ஃபைலை எடுத்துக்கொண்டு தேதியக்கா போனாள். அச்சகக்காரர் உள்ளே நுழைய, பின்னாலேயே இவளும் நுழைந்தாள்.

"நீங்க யாரும்மா? பதிவு பண்ண ஆளா?" என்றார் அதிகாரி.

"ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன் சார். அவருக்கு உடம்புக்கு முடியல."

"அப்ப வெளிய இருங்க. தப்பா எடுத்துக்காதீங்க, ரூல் அப்படி."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. அச்சகக்காரர் திரும்பிப் பார்த்தார், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்டுவிட்டு வரும்போது குழந்தை பார்க்குமே, அந்த மாதிரி. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் இவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மனுஷன் வெளியே வரும்போது முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன கேட்டாலும் ஆமாம்னு சொல்லிட்டேன்க்கா. வேஸ்ட் பேப்பர் வித்ததைக் கணக்குல காட்டலையான்னு கேட்டாரு, ஆமாம்னேன். காட்டித்தான் இருந்தோம், இல்ல?"

"காட்டியிருந்தோம்ணே."

"பயத்துல வாய் அதுபாட்டுக்கு ஆமாம்ங்குது. நீங்க பக்கத்துல இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

அபராதம் விழுந்தது. அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ஆபீஸுக்கு வந்து பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஆத்திரம், அவமானம், எல்லாம் சேர்ந்த அழுகை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்ததும் நேராக ஆடிட்டர் அறைக்குப் போய், உள்ளே போய் உட்கார என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"டாக்ஸேஷன்ல ஒரு டிகிரி வாங்கும்மா. அது இருந்தா துறையில பதிவு பண்ணிக்கலாம், கட்சிக்காரங்களோட நீயே உள்ள போய் உக்காரலாம்" என்றார் ஆடிட்டர். "ஆனா படிக்கறதுன்னா இந்த வருஷமே சேரு. அது மூணு வருஷப் படிப்பு. நானும் மூணு வருஷத்துல கடையைக் கட்டிடலாம்னு இருக்கேன். அதுக்குள்ள நீ முடிச்சிட்டா, சின்னச் சின்னப் பார்ட்டியெல்லாம் உன் பேர்லயே இருக்கட்டும். முடிக்கலைன்னா மொத்தமும் என் மாப்பிள்ளைகிட்டதான் போகும். அவரு ஆபீஸ்ல ஆளுங்களே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர்."

ஆக, சேர்ந்தால் இந்த வருஷம். இல்லாவிட்டால் மூன்று வருஷம் கழித்து மேஜையும் கிடையாது, வேலையும் கிடையாது.

வரியியல் பட்டம் கொடுக்கிற இடங்கள், அவள் போய் வரக்கூடிய தூரத்தில், மூன்றுதான் இருந்தன. ஒன்று தபால் வழி. அதில் சேர்ந்த ஸ்டேஷனரிக் கடைக்காரரின் தம்பியைப் பிடித்து விசாரித்தாள். "ரொம்ப நல்ல புஸ்தகம்க்கா, வழவழன்னு இருக்கும்" என்றான் அவன். எப்படித் தெரியும் என்றால், பிளாஸ்டிக் உறையின் மேலே தடவிப் பார்த்தானாம். உறையை இன்னும் பிரிக்கவில்லை. சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. "நீயும் சேர்ந்துக்க, தலையணை வாங்கற செலவு மிச்சம்" என்றான் லிஃப்ட் மெக்கானிக். அதோடு தபால் வழிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டாள்.

இரண்டாவது, விடியற்காலையில் வகுப்பு ஆரம்பித்து ஆபீஸ் நேரத்துக்கு முன்னால் விட்டுவிடுகிற கல்லூரி. ஒரே பஸ். அங்கே வரியியல் துறையில் ஒரு அறையைக் காட்டினார்கள். அதிகாரி அறை மாதிரியே அமைத்திருந்தார்கள்: ஒரு பெரிய மேஜை, இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. ஒரு மாணவி கட்சிக்காரருக்காகப் பேச, மேஜைக்குப் பின்னால் ஆசிரியர் அதிகாரியாக உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். பேசிய பெண்ணுக்கு நாக்கு குழறியது. ஆனாலும் விடவில்லை, திரும்பவும் பேசினாள். தேதியக்காவுக்கு அந்த நாற்காலியில் அப்போதே போய் உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது.

சேர்ந்துவிட வேண்டியதுதானே? அதுதான் இல்லை. அவள் மகள் படிப்பதும் அதே கல்லூரிதான், அதே விடியற்காலை வகுப்புதான். அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லாமல் மற்ற குறையெல்லாம் கண்டுபிடித்தாள். காலையில் சமையல் யார் செய்வது என்றாள். "நான் பண்றேன்" என்றான் புருஷன். பஸ்ஸில் கூட்டம் என்றாள். "அந்நேரத்துக்கு பஸ்ல டிரைவரும் கண்டக்டரும்தான் இருப்பாங்க" என்றான். கடைசியில், கல்லூரி வளாகத்தில் நாய் இருக்கிறது என்றாள். அவன் டூல் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

மூன்றாவது மாலைக் கல்லூரி. ஒரு ஃபர்னிச்சர் கடைக்கு மேலே, மாடிப்படி ஏறும்போதே வார்னிஷ் வாசனை. அங்கே படிக்கிறவர்கள் எல்லாம் வளர்ந்த ஆட்கள்: வங்கி குமாஸ்தா, மருந்துக்கடைக்காரர், குறுந்தாடி நரைத்த ஒரு பஸ் கண்டக்டர். இவளை யாரும் ஏற இறங்கப் பார்க்கவில்லை. பாடம் சுமார்தான், அதிகாரி அறையும் கிடையாது, மேஜையும் கிடையாது. இருந்தாலும் மனசுக்கு இதமாக இருந்தது. இதுதான் என்று முடிவு செய்து விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்தாள். கடைசித் தேதி மாதக் கடைசி.

விண்ணப்பத்தை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அரை மணி நேரம். அதுவும் யார்? ஊரார் விண்ணப்பத்தையெல்லாம் எழுதிப் பழகிய கை. ஆனால் அது மேஜை இழுப்பறைக்குள் போனது போனதுதான். காலாண்டுக் கணக்கு வேறு தலைக்கு மேல் இருந்தது. "எழுதிட்டியா?" என்று புருஷன் கேட்டான். "தள்ளிப் போடுவாங்க" என்றாள். ஆடிட்டரும் கேட்டார். இவள் இன்னும் இல்லை என்றதும், "ஆள் சேரலைன்னா அவங்களே நீட்டிப்பாங்க, விடு" என்றார். டைப்பிஸ்ட் பெண்கூட, "எப்படியும் ஒரு வாரம் குடுப்பாங்கக்கா" என்றது. மொத்த ஆபீஸும் சேர்ந்து அந்தத் தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டது. தள்ளிப் போட வேண்டிய கல்லூரிக்கு மட்டும் விஷயம் தெரியாது.

தேதி போய் இரண்டாம் நாள், நல்ல உடையாக உடுத்திக்கொண்டு, விண்ணப்பத்தை முத்து முத்தாக எழுதி எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

"முடிஞ்சிருச்சே" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

"நீட்டிக்கலையா?"

"எதை?"

எதை என்று கேட்டால் என்ன சொல்வது? தேதியக்கா விண்ணப்பத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

ஆபீஸில் சாவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. "ஒரு நாள்கூடவா நீட்டிக்கல? என்ன காலேஜ் அது!" என்று ஆடிட்டர் நிஜமாகவே கொதித்தார். உடனே, "சரி, மனு போட்டுடலாம்" என்றார். தாமதத்தை மன்னிக்கச் சொல்லிப் போடும் மனுவில் அந்த ஆபீஸ் கைதேர்ந்தது. காய்ச்சல், குடோனில் தண்ணீர் புகுந்தது, நெருங்கிய உறவினர் மரணம், எல்லாக் காரணமும் தயாராகக் கையில் இருக்கும். ஒரு ஹார்டுவேர் கடைக்காரரின் மாமனாரை மட்டும் இந்த ஆபீஸ் மூன்று முறை சாகடித்திருக்கிறது. அவர் மாதாமாதம் மருமகனோடு வந்து, தேதியக்காவின் எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார். ஆக, தேதியக்காவுக்கு மஞ்சள் காமாலை என்று முடிவாயிற்று. அவளே டைப் செய்தாள்.

கல்லூரி முதல்வர் வயதான அம்மாள். மனுவைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"காமாலை எப்ப வந்துச்சு?"

இந்த மாதிரி மனுவை எத்தனையோ டைப் செய்திருக்கிறாள், படிக்கிறவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இப்போதுதான் பார்க்கிறாள்.

"வரலைங்க மேடம்" என்றாள்.

"பின்ன?"

"நீங்க தேதியைத் தள்ளிப் போடுவீங்கன்னு நினைச்சேன். எங்க வேலைல எப்பவும் தள்ளிப் போடுவாங்க."

முதல்வர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் குரலைத் தணித்து, "என்கிட்ட இப்படி யாரும் சொன்னதில்லம்மா. ஆனா சீட் இல்ல. கடைசி சீட்டையும் நேத்து குடுத்துட்டேன். கணக்குக்கு மேல ஒருத்தரை உக்கார வச்சா எங்க அனுமதியே போயிரும். அடுத்த வருஷம் வாங்க" என்றார்.

"அடுத்த வருஷம் எனக்கு ஆகாதுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் புருஷனுக்குக் கேட்காமலே புரிந்துவிட்டது. எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நிஜத்தைச் சொல்லு. அவங்க தள்ளிப் போடுவாங்கன்னு இருந்தியா, இல்ல உனக்குப் பயமா இருந்துச்சா?"

"பயம்தான்" என்றாள். சொல்லிவிட்ட பிறகு அழுகை வந்தது. "இத்தனை வருஷம் கழிச்சுப் போய் பரீட்சை எழுதி, ஃபெயிலாயிட்டா? ஊரே சிரிக்கும். அதான் இழுத்தேன். இழுத்து இழுத்து இப்ப எல்லாத்தையும் கெடுத்துக்கிட்டேன்."

"காலைக் காலேஜ்ல இன்னும் இடம் இருக்கு. முந்தாநேத்து அங்க லிஃப்ட் சர்வீஸுக்குப் போனேன், போர்டுல போட்டிருக்கான். நாளைக்குக் காலை கிளாஸ் விடறதோட சேர்க்கை முடியுது."

உள் அறையில் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தோடு வாசல்நிலையில் வந்து நின்றாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. அப்பாவும் அம்மாவும் ஒன்றாகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க?"

"நீ சொல்லு பாப்பா" என்றாள் தேதியக்கா.

மகள் புத்தக முனையைச் சுரண்டினாள். "எனக்குக் கூச்சமா இருக்கும்மா. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் உன்னை ஆன்ட்டின்னு கூப்பிடறவங்க. நாளைக்கு உன் கிளாஸ் பசங்க என்கிட்ட வந்து, உங்கம்மா டெஸ்ட்ல எவ்வளவுன்னு கேப்பாங்க. நீ வரக் கூடாதுன்னு சொல்லல. ஆனா சந்தோஷம்னு பொய் சொல்ல முடியல."

சுருக்கென்றுதான் இருந்தது. "நீ உள்ளதைச் சொன்ன, விடு" என்று தேதியக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். புருஷன் மகளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். உள்ளேயிருந்து, "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று குரல் வந்தது.

மறுநாள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். மகள் முன்னால் தோழிகளோடு, அம்மா கடைசி சீட்டில். இறங்கியதும் மகள் திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்குப் போய்விட்டாள். போகட்டும், அவளுக்கும் ஒரு வயசு இருக்கிறதே என்று தேதியக்கா சேர்க்கைக் கவுன்ட்டரைத் தேடிப் போனாள்.

கவுன்ட்டர் முன்னால் வரிசை. எல்லாம் மீசை அரும்பாத பையன்கள், பின்னல் போட்ட பெண்கள், கூடவே அப்பாக்களும் அம்மாக்களும். கூட்டத்தைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த பியூன் இவளைப் பார்த்ததுமே கையைக் காட்டினார்.

"பேரன்ட்ஸ் எல்லாம் அந்த பெஞ்சும்மா. லைன்ல ஸ்டூடன்ட்ஸ் மட்டும்தான்."

நான்தான் ஸ்டூடன்ட் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வரிசையில் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அது வேறு ஏதோ சிரிப்பாக இருக்கலாம். தேதியக்கா போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்தில் இருந்த அம்மாள் நல்ல பேச்சுக்காரி. "உங்க பிள்ளைக்கு எந்த கோர்ஸ்?"

"டாக்ஸேஷன்."

"நல்ல கோர்ஸுங்க. பையனா, பொண்ணா?"

"பொண்ணு" என்றாள் தேதியக்கா.

"நல்லாப் படிக்குமா?"

"தெரியலைங்க. இனிமேதான் பாக்கணும்."

வரிசை குறைந்துகொண்டே வந்தது. எழுந்து போகலாம் என்று நாலைந்து தடவை நினைத்தாள், எழுந்திருக்கவில்லை. பேச்சுக்கார அம்மாளின் பையன்கூட முடித்துக்கொண்டு வந்து, ரசீதை ஆட்டிக் காட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். கவுன்ட்டரில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார், முத்திரையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். தேதியக்கா பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். ஆனாலும் பாருங்கள், அந்த நேரத்திலும் மனசு என்ன சொல்லிற்று தெரியுமா? டிபனுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் எப்படியும் நீட்டிப்பார்கள் என்று சொல்லிற்று.

மணி அடித்து வகுப்புகள் விட்டன. மகள் தோழிகளோடு தாழ்வாரத்தில் வந்தாள். அம்மா பெஞ்சில், மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். தேதியக்கா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு, தெரியாத மாதிரி போ என்று விரலை மட்டும் அசைத்தாள். மகள் நின்றாள். தோழிகளும் நின்றார்கள். பிறகு மகள் நேராக பெஞ்சைப் பார்த்து வந்தாள்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"இல்ல. லைன்ல ஸ்டூடன்ட்ஸ் மட்டும்தான் நிக்கணுமாம்."

"அப்ப நீ யாரு?"

கத்திவிட்டாள் பெண். தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. மகளுக்கு முகம் சிவந்து கண் கலங்கியிருந்தது. கோபமா, அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. விடுவிடுவென்று கவுன்ட்டருக்குப் போய், இறக்கப்போன ஷட்டரைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"சார், மூடாதீங்க. இன்னும் ஒரு அட்மிஷன் இருக்கு."

"யாருக்கும்மா? ஸ்டூடன்ட்ட வரச் சொல்லு."

"எங்கம்மாவுக்கு" என்றாள் மகள், தோழிகளுக்கும் கேட்கிற மாதிரி.

தேதியக்கா எழுந்தாள். பேச்சுக்கார அம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்து, "பொண்ணுக்குன்னு சொன்னீங்களே?" என்றாள்.

"அந்தப் பொண்ணு நான்தாங்க" என்று சொல்லிவிட்டு, ஷட்டரைப் பிடித்தபடி நிற்கிற மகளை நோக்கிப் போனாள்.